ஒரு கூம்புக் குடுவைக்குள் இறுதியாண்டு வேதியியல்

பள்ளி இறுதியாண்டு வேதியியல் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத அத்தியாயங்களின் வரிசையாகத்தான் தெரியும். கரைசல்கள், மின்வேதியியல், வினைவேகவியல், இடைநிலைத் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள், பிறகு ஆல்கஹாலில் தொடங்கி அமீன் வரை நீளும் கரிம வேதியியல். ஆய்வக வகுப்பு இவை எதிலும் சேராமல், செய்முறை மதிப்பெண்ணுக்காக மட்டும் தனியே நடப்பதுபோல் ஓர் எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது. ஆனால் ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் (செறிவு தெரிந்த ஒன்றை வைத்து மற்றதன் செறிவைக் கண்டறியும்) அந்த ஒற்றைச் சோதனையை நிதானமாகப் பார்த்தால், புத்தகத்தின் பாதி அந்தக் குடுவைக்குள் நடந்துகொண்டிருப்பது தெரியும். "சூடு செய்", "நீர்த்த கந்தக அமிலம் சேர்", "நிறம் 30 விநாடி நிற்க வேண்டும்" என்று செய்முறைக் குறிப்பேட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஏதோ ஓர் அத்தியாயம் பதில் வைத்திருக்கிறது.

முதலில் சோதனை. படிக ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 126.07 கிராம். 250 மில்லிலிட்டர் அளவுக் குடுவையில் 0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) கரைசல் வேண்டுமென்றால் 1.576 கிராம் எடை போட வேண்டும். அந்த நீரைக் கணக்கில் சேர்க்காமல் 90 என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்கள் 1.125 கிராம் எடை போட்டு, அதை 0.05 மோலார் என்று நம்பி, ஏறத்தாழ 29 சதவீதப் பிழையோடு சோதனையைத் தொடங்குகிறார்கள்.

இதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டில் (உறிஞ்சி அளக்கும் குழாய்) எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, ஏறக்குறைய அதே அளவு 1 மோலார் கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பியூரெட்டிலிருந்து (அடியில் திருகு உள்ள அளவுக் குழாய்) பெர்மாங்கனேட்டை, அதன் ஊதா நிறம் மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பாக நிற்கும்வரை, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிப்பெட்டையும் பியூரெட்டையும் அதனதன் கரைசலால் அலச வேண்டும்; கூம்புக் குடுவையை மட்டும் வெறும் நீரால். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பது வாய்மொழித் தேர்வின் நிரந்தரக் கேள்வி. குடுவையை ஆக்சாலிக் அமிலத்தால் அலசினால் அளக்காத அமிலம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பியூரெட்டில் நீர்த்துளி மிச்சமிருந்தால் பெர்மாங்கனேட் நீர்த்துப்போகும். இரண்டிலும் பியூரெட் அளவீடு கூடும். பிப்பெட்டில் நீர் மிச்சமிருந்தால் குறையும்.

பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் பிறைத்தளத்தின், அதாவது வளைந்து நிற்கும் திரவப் பரப்பின், அடிப்பகுதி தெரியாது. அதனால் மேல்விளிம்பைப் படிக்கிறோம். தொடக்க அளவீட்டையும் இறுதி அளவீட்டையும் ஒரே விளிம்பில் படித்தால் போதும், வித்தியாசம் சரியாக வந்துவிடும். பியூரெட்டின் அடியிலுள்ள திருகு கண்ணாடியாலோ டெஃப்லானாலோ ஆனதாக இருக்க வேண்டும். ரப்பர் இணைப்பைப் பெர்மாங்கனேட் அரித்து, தானும் செலவாகும்.

கணக்கும் எளிதுதான். 2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம். 20 மில்லிலிட்டர் 0.05 மோலார் கரைசலில் 1 மில்லிமோல் அமிலம் இருக்கிறது, அதற்கு 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் வேண்டும். பியூரெட் அளவீடு 19.6 மில்லிலிட்டர் என்றால் செறிவு 0.4 வகுத்தல் 19.6, அதாவது 0.0204 மோலார். நார்மாலிட்டி வாய்ப்பாட்டில் போட்டாலும் விடை வரும். ஆனால் அந்த வாய்ப்பாடு, பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்குகிறது, ஆக்சாலிக் அமிலம் 2 எலக்ட்ரான் தருகிறது என்ற விஷயத்தைச் சமான நிறைக்குள் (ஒரு மோல் எலக்ட்ரானுக்கு ஈடான நிறை) ஒளித்துவைத்துவிடுகிறது. பெர்மாங்கனேட்டின் சமான நிறை அமில ஊடகத்தில் 31.6, நடுநிலையில் 52.7, அடர் காரத்தில் 158. ஒரே உப்புக்கு மூன்று சமான நிறைகள்! ஊடகத்தைப் பார்க்காமல் 31.6-ஐ மனப்பாடம் செய்தவருக்கு நடுநிலை ஊடகக் கணக்கு வந்தால் கை நின்றுவிடும். மோல் விகிதத்திலேயே பழகுவது நல்லது.

ஏன் சூடாக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு "வினை வேகமாக நடக்க" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இறுதியாண்டுப் பாடத்தின் நடு நரம்பே இந்தப் பதிலுக்குள்தான் ஓடுகிறது.

மின்வேதியியல் அட்டவணையை எடுங்கள். அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட் எலக்ட்ரான் வாங்கி மாங்கனீசு இரண்டு அயனியாக (ஆக்சிஜனேற்ற நிலை 2 உள்ள மாங்கனீசு) ஒடுங்கும் திட்ட மின்னழுத்தம் 1.51 வோல்ட். கார்பன் டைஆக்சைடு ஆக்சாலிக் அமிலமாக ஒடுங்குவதற்கு மைனஸ் 0.49 வோல்ட். இரண்டையும் சேர்த்தால் கலத்தின் மின்னழுத்தம் 2.00 வோல்ட். இங்கே ஒரு வழக்கமான தவறு: எலக்ட்ரான்களைச் சமன் செய்ய ஒரு சமன்பாட்டை 2-ஆலும் மற்றதை 5-ஆலும் பெருக்குகிறோம் அல்லவா, அதே எண்களால் மின்னழுத்தத்தையும் பெருக்கிவிடுகிறார்கள். மின்னழுத்தம் என்பது ஒரு கூலும் மின்சுமைக்கு எத்தனை ஜூல் என்ற விகிதம். எத்தனை மோல் வினைபுரிந்தாலும் விகிதம் மாறாது. பெருக்க வேண்டிய இடம் கட்டிலா ஆற்றல் (வினையை முன்னோக்கித் தள்ளும் ஆற்றல்): 10 எலக்ட்ரான்கள், 96,485 கூலும், 2.00 வோல்ட். பெருக்கினால் மைனஸ் 1,930 கிலோஜூல் வருகிறது. சமநிலையில் விளைபொருளுக்கும் வினைபடுபொருளுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும் சமநிலை மாறிலியோ 10-இன் அடுக்கு 338. வினைபடுபொருள் மிச்சமே இருக்காது என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய எண் வேண்டாம். போதாததற்கு, விளைபொருளில் ஒன்று வாயு. நம் குடுவையிலிருக்கும் 1 மில்லிமோல் அமிலம் 2 மில்லிமோல் கார்பன் டைஆக்சைடு தருகிறது. அறை வெப்பநிலையில் அது சுமார் 49 மில்லிலிட்டர். எடுத்த அமிலக் கரைசலின் கொள்ளளவைப் போல இரண்டரை மடங்கு வாயு, பெரிய ஆரவாரமில்லாமல் வெளியேறுகிறது.

இத்தனை சாதகமான வினையை அறை வெப்பநிலையில் செய்து பாருங்கள். முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு பரவி, அப்படியே நிற்கும். எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். கட்டிலா ஆற்றல் "இந்த வினை எவ்வளவு தூரம் போகும்" என்பதை மட்டும்தான் சொல்லும்; "எப்போது போய்ச் சேரும்" என்பதைச் சொல்லாது. முன்னது வெப்ப இயக்கவியலும் மின்வேதியியலும், பின்னது வினைவேகவியல். இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் கருத்துப் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் குழப்புவதால் வருவதுதான். "வினையூக்கி சமநிலையை வலப்பக்கம் நகர்த்தும்", "வெப்பம் உமிழும் வினை வேகமாக நடக்கும்" ஆகிய இரண்டு வாக்கியங்களும் அந்தக் குழப்பத்தின் பிள்ளைகள்.

வேகம் ஏன் குறைவு? சமன்பாட்டை எண்ணிப் பாருங்கள். 2 பெர்மாங்கனேட், 5 ஆக்சலேட் (ஆக்சாலிக் அமிலத்தின் அயனி), 16 ஹைட்ரஜன் அயனி. மொத்தம் 23 துகள்கள். இவை அத்தனையும் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் மோதிக்கொள்ள வாய்ப்பே இல்லை. மூன்று துகள்கள் ஒருசேர மோதுவதே அரிது. ஆகவே வினை பல படிகளாகத்தான் நடக்கிறது. அவற்றில் மெதுவான படி வேகத்தைத் தீர்மானிக்கிறது. சமன்பாட்டின் குணகத்தைப் பார்த்து வினைவகையை எழுதக்கூடாது என்று ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். அப்படி எழுதினால் இது இருபத்து மூன்றாம் வகை வினையாகிவிடும். வினைவகை சோதனையில் கிடைப்பது. ஒரு வினைபடுபொருளின் செறிவை இரட்டிப்பாக்கும்போது வேகம் இரட்டித்தால் முதல் வகை, நான்கு மடங்கானால் இரண்டாம் வகை, அசையாமல் இருந்தால் பூஜ்ய வகை.

வெப்பநிலையின் பங்கை அர்ரீனியஸ் சமன்பாடு எண்ணாகவே தருகிறது. "10 டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும்" என்பது பொது விதி அல்ல. கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) ஏறத்தாழ 53 கிலோஜூல் இருக்கும் வினைக்கு, 25-லிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது மட்டும் அது பொருந்தும். அதே கிளர்வு ஆற்றலுக்கு 300 கெல்வினிலிருந்து 340 கெல்வினுக்குப் போனால் வேகம் சுமார் 12 மடங்காகும். இந்தக் கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டே இடங்களில். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறப்பது ஒன்று. கிளர்வு ஆற்றலைக் கிலோஜூலிலும் வாயு மாறிலியை 8.314 ஜூலிலும் வைத்து அப்படியே வகுத்துவிடுவது மற்றொன்று.

சூடு அதிகமானாலும் ஆபத்துதான். கொதிநிலையை நெருங்கினால் அமிலச் சூழலில் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். பியூரெட் அளவீடு குறைந்துபோகும். வெப்பமானி இல்லாவிட்டால், குடுவையின் கழுத்தில் ஆவி படியத் தொடங்கி, அடிப்பாகத்தைக் கையால் சற்று நேரம்கூடத் தொட்டுக்கொண்டிருக்க முடியாத நிலையில் இறக்கிவிடுவது நடைமுறை. தரம் பார்த்து முடிப்பதற்குள் ஆறிவிட்டால் மறுபடி சூடாக்கலாம்.

சூடாக்கிய பிறகும் முதல் ஒன்றிரண்டு சொட்டுகள் நிறம் மறையத் தயங்கும். அதற்கடுத்த சொட்டுகள் விழுந்ததும் மறையும். இதுதான் தன்வினையூக்கம்: வினையில் உருவாகும் மாங்கனீசு இரண்டு அயனியே வினையூக்கியாகவும் வேலை செய்கிறது. அது சேரச் சேர வேகம் ஏறுகிறது. ஆக்சலேட் தீரத் தீர இறங்குகிறது. பொறுமையில்லாமல் முதல் சொட்டு மறைவதற்குள் 5 மில்லிலிட்டரைக் கடகடவென்று விட்டால், பெர்மாங்கனேட் தேங்கி, உருவான மாங்கனீசு இரண்டோடு வினைபுரிந்து, பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடாகக் கலங்கும். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இதோடு ஒப்பிட, இரும்பு இரண்டு அயனி உள்ள மோர் உப்பு இருக்கிறது. இரும்பு இரண்டை இதே பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது சூடாக்குவதில்லை. மின்னழுத்த வித்தியாசம் வெறும் 0.74 வோல்ட்தான், ஆக்சலேட்டைவிட மிகக் குறைவு. ஆனால் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது இரும்பு மூன்று அயனியாகிவிடும். பிணைப்பு எதையும் உடைக்க வேண்டியதில்லை. வினை உடனே நடக்கிறது. ஆக்சலேட்டில் கார்பன்-கார்பன் பிணைப்பு உடைய வேண்டும். பெரிய உந்துவிசை உள்ள வினை மெதுவாகவும், சிறிய உந்துவிசை உள்ள வினை விரைவாகவும் நடப்பதை அடுத்தடுத்த வாரங்களில் அதே மேசையில் பார்த்துவிட்டு, இரண்டையும் ஒப்பிடாமல் போவது பெரிய நஷ்டம். மோர் உப்பைச் சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும் என்பது கூடுதல் காரணம்.

எந்த அமிலம், எவ்வளவு

பெர்மாங்கனேட்டின் அரைவினையில் 5 எலக்ட்ரானுக்கு 8 ஹைட்ரஜன் அயனிகள் செலவாகின்றன. செறிவுக்கேற்ப மின்னழுத்தம் மாறுவதைச் சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இதை வைத்தால், பிஎச் மதிப்பு 1 கூடும்போது மின்னழுத்தம் 0.095 வோல்ட் குறையும். பிஎச் 0-இல் 1.51 வோல்ட், பிஎச் 3-இல் 1.23 வோல்ட். அமிலம் குறைந்தால் வலு குறைவதோடு நிற்பதில்லை. மாங்கனீசு இரண்டு வரை இறங்காமல் நான்கிலேயே, பழுப்பு டைஆக்சைடாக நின்றுவிடும். 5 எலக்ட்ரான் வாங்க வேண்டியது 3 மட்டுமே வாங்குவதால் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும்; கணக்கு முழுதும் கெடும்.

எவ்வளவு போதும்? 1 மில்லிமோல் ஆக்சாலிக் அமிலத்துக்குத் தேவையான ஹைட்ரஜன் அயனி 3.2 மில்லிமோல். அதில் 2 மில்லிமோலை அந்த அமிலமே தந்துவிடும். மிச்சம் 1.2 மில்லிமோல்தான். நாம் ஊற்றும் 20 மில்லிலிட்டர் 1 மோலார் கந்தக அமிலம் 20 மில்லிமோலுக்கும் மேல் தருகிறது. இந்தத் தாராளம் வேண்டுமென்றே செய்வது: வினை முடியும்வரை பிஎச் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாது. குளோரின், குளோரைடு மின்னழுத்தம் 1.36 வோல்ட், பெர்மாங்கனேட்டின் 1.51-க்குக் கீழே. பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றும், அளவீடு கூடும், கணக்கிட்ட பெர்மாங்கனேட் செறிவு உண்மையைவிடக் குறைவாக வரும். நைட்ரிக் அமிலமும் ஆகாது. அது தானே ஓர் ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட்டின் வேலையில் பங்கு கேட்கும். கந்தக அமிலம் நீர்த்த நிலையில் இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்கிறது. "ஏன் கந்தக அமிலம்" என்ற கேள்விக்கு விடை எழுதும்போது 1.36, 1.51 என்ற இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் விடை முழுமை.

முடிவு நிலையில் நிறம் 30 விநாடி நின்றால் போதும் என்கிறார்கள். நிரந்தரமாக நிற்க வேண்டும் என்று ஏன் கேட்பதில்லை? மிச்சமிருக்கும் பெர்மாங்கனேட்டும் குடுவையில் நிறைந்திருக்கும் மாங்கனீசு இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து டைஆக்சைடாக மாறுவதும் சாதகமான வினைதான்; ஆனால் மெதுவானது. கால் மணி நேரம் கழித்து நிறம் வெளிறியதைப் பார்த்து இன்னொரு சொட்டு விடக்கூடாது. ஒரு சொட்டு என்பது 0.05 மில்லிலிட்டர், 60 மில்லிலிட்டர் கரைசலில் அது லட்சத்தில் 1.7 மோலார்தான். அதையும் கண் பார்த்துவிடுகிறது. தனி நிலைகாட்டி (முடிவு நிலையை நிறத்தால் காட்டும் பொருள்) வேண்டாததன் காரணம் இது.

பெர்மாங்கனேட் கரைசல் இருப்பில் இருக்கும்போதும் இதே கதை. நீர் ஆக்சிஜனாக மாறும் மின்னழுத்தம் 1.23 வோல்ட், அட்டவணையின்படி பெர்மாங்கனேட் தான் கரைந்திருக்கும் நீரையே ஆக்சிஜனேற்ற வேண்டும். செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. ஒளியும் மாங்கனீசு டைஆக்சைடுத் துகள்களும் அதை முடுக்கும். அதனால்தான் கரைத்தவுடன் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டி, பழுப்புப் புட்டியில் வைக்கிறார்கள். வடிதாள் கூடாது, காகிதத்தின் செல்லுலோஸைப் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும். 3.16 கிராமைத் துல்லியமாக எடை போட்டு 1 லிட்டராக்கினாலும் அதை 0.02 மோலார் என்று நம்பக்கூடாது, ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

ஊதா எங்கே போனது?

இடைநிலைத் தனிமங்கள் பாடத்தில் நிறத்துக்கான காரணமாக டி ஆர்பிட்டால்களுக்கு (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் ஒருவகை இடங்கள்) இடையே எலக்ட்ரான் தாவுவதைச் சொல்லித் தருகிறார்கள். அதை இந்தக் குடுவையில் பொருத்தினால் தலைகீழாக வரும். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு ஆக்சிஜனேற்ற நிலை 7, டி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. ஆனால் நிறமோ அடர் ஊதா. மாங்கனீசு இரண்டில் 5 டி எலக்ட்ரான்கள் இருந்தும் நீர்த்த கரைசல் நிறமற்றதுபோலவே தெரிகிறது. ஊதாவுக்குக் காரணம் ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் நகரும் மின்சுமைப் பரிமாற்றம். மாங்கனீசு இரண்டிலோ 5 ஆர்பிட்டால்களிலும் ஒரே திசைச் சுழற்சியில் ஒவ்வொரு எலக்ட்ரான். எது தாவினாலும் சுழற்சியை மாற்றிக்கொண்டுதான் இன்னோர் எலக்ட்ரானோடு சேர முடியும், அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதே 5 தனித்த எலக்ட்ரான்கள்தான் காந்தத் திருப்புத்திறனை 35-இன் வர்க்கமூலமாக, அதாவது 5.92 போர் மேக்னட்டானாகத் தருகின்றன.

ஆக்சலேட் அயனி ஆக்சிஜனேற்றப்படும் பொருள் மட்டும் அல்ல, இரண்டு ஆக்சிஜன்களால் ஓர் உலோக அயனியைப் பற்றக்கூடிய இருமுனை ஈனியும்கூட. வினையின் இடையில் தோன்றும் மாங்கனீசு மூன்றை அது அணைவாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த அணைவு பிறகு சிதைகிறது. மூன்று ஆக்சலேட்டுகள் ஓர் இரும்பு மூன்றைச் சூழ்ந்தால் கிடைக்கும் அணைவின் ஈதல் எண் 6. மூன்று ஈனி என்று பார்த்து 3 என எழுதுவது வழக்கமான பிழை. எண்ண வேண்டியது ஈனிகளை அல்ல, உலோகத்தோடு இணையும் அணுக்களை.

கரிம வேதியியலிலும் பெர்மாங்கனேட் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே விடையைத் தீர்மானிப்பது அம்புக்குறியின் மேல் எழுதும் நிபந்தனை. குளிர்ந்த, நீர்த்த, காரக் கரைசல் என்றால் இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் டையாலாக (இரண்டு OH தொகுதிகள் உள்ள ஆல்கஹால்) மாறி, பழுப்பு டைஆக்சைடு விழும். நிறைவுறாமைச் சோதனை அது. சூடான காரப் பெர்மாங்கனேட் என்றால், அமிலமாக்கிய பிறகு டொலுவீன் பென்சாயிக் அமிலமாகக் கிடைக்கும். எத்தில் பென்சீனும் அதே பென்சாயிக் அமிலத்தைத்தான் தரும். சங்கிலி நீளம் பொருட்டல்ல, வளையத்தை ஒட்டிய கார்பனில் ஒரு ஹைட்ரஜனாவது இருந்தால் போதும். மூவிணைய பியூட்டைல் பென்சீனில் அது இல்லை, வினையும் இல்லை. ஓரிணைய ஆல்கஹாலைப் பெர்மாங்கனேட் ஆல்டிஹைடில் நிறுத்தாது, அமிலம் வரை இழுத்துச்செல்லும். ஆல்டிஹைடு வேண்டுமென்றால் பிரிடினியம் குளோரோகுரோமேட் எழுத வேண்டும். நிபந்தனை இல்லாமல் வெறும் அம்புக்குறி போட்டு மதிப்பெண் இழப்பவர்களே இந்தப் பகுதியில் அதிகம்.

கரைசல்களின் தொகைசார் பண்புகள், படிக அமைப்பு, பலபடிகள், உயிரியல் மூலக்கூறுகள் ஆகியவை இந்தக் குடுவைக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றில் கணக்கு வரும் இடங்களில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: உறைநிலைத் தாழ்வுக்கு மோலாலிட்டி (கரைப்பானின் கிலோகிராமுக்கு எத்தனை மோல்); சவ்வூடு பரவல் அழுத்தத்துக்கு மோலாரிட்டி (கரைசலின் லிட்டருக்கு எத்தனை மோல்). உயிரியல் மூலக்கூறுகள் பெரும்பாலும் நினைவாற்றலுக்கு வைக்கும் சோதனை.

தெரியாத உப்பிலுள்ள அயனிகளைக் கண்டறியும் உப்புப் பகுப்பாய்வில் ஆக்சலேட் மறுபடி தலைகாட்டும். எதிர்மின் அயனியாக அது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே, அமிலமாக்கிய பெர்மாங்கனேட்டை இளஞ்சூட்டில் நிறமிழக்கச் செய்கிறதா என்பதுதான். இருக்கிறது என்று தெரிந்தால், உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படியவைத்துப் பிரிக்கும் வரிசையில் மூன்றாம் தொகுதிக்குப் போகும் முன் அதை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அமோனியா சேர்த்துக் காரமாக்கியதும் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சலேட்டுகள் ஐந்தாம் தொகுதி வரை காத்திராமல் அங்கேயே வீழ்படிந்து, அலுமினியம் என்றோ இரும்பு என்றோ எண்ணவைத்துவிடும். அடர் நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து உலரும்வரை ஆவியாக்கினால் ஆக்சலேட் சிதைந்து போகும்.

வகுப்பு முடிந்து பியூரெட்டைக் கழுவும்போது உட்சுவரில் பழுப்புப் படலம் இருந்தால் சோப்பு, தூரிகை எதுவும் உதவாது. அது மாங்கனீசு டைஆக்சைடு. அளவுக் குடுவையில் மிச்சமிருக்கும் ஆக்சாலிக் அமிலத்தில் கொஞ்சம் எடுத்து, கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கி ஊற்றி இரண்டு நிமிடம் வைத்தால் படலம் கரைந்து, கரைசல் தெளிவாக வெளியே வரும். பிறகு நீரால் அலசிக் கவிழ்த்து வைக்கலாம்.